நாக்குப் பிரிவு

உருகுவே நதியின் கிழக்குக் கரையில் எங்கள் பள்ளி.
ஜன்னலில் பாதி நதி, பாதி பழைய இறைச்சி ஆலை.
அதன் புகைபோக்கியில் இப்போது கிளிகள்.

ஆலையை மூடிய நாளில்
யாரோ குப்பைக்குப் போகாமல் காப்பாற்றிய
தொழிலாளர் அட்டைகள்
நாலாயிரத்துச் சொச்சம்,
எங்கள் நூலகத்தில், பிஸ்கட் பெட்டிகளில்.
பழுத்த மை. கணக்கரின் அவசரக் கிறுக்கல்.
பதினோரு வருஷத்தில் நான் படித்து முடித்தவை
அறுநூறு.

மார்ச்சில் கல்வித்துறை
செயற்கை நுண்ணறிவை அனுப்பியது,
கூடவே ஒரு சுற்றறிக்கை:
மாணவர்கள் இனிக் கடந்தகாலத்தோடு உரையாடலாம்.

உரையாடினோம்.
ஓர் அட்டையைக் கொடுத்தேன்.
பெத்ரோனேலே. லித்துவேனியா.
வயது பத்தொன்பது. நாக்குப் பிரிவு.
(மாட்டு நாக்கை வேகவைத்து, தோலுரித்து
டப்பாவில் சுருட்டி அடைக்கும் வேலை.
ஒரு நாளைக்கு எத்தனை நாக்கு,
அட்டையில் இல்லை.)
"நீதான் அவள். பேசு" என்றேன்.

பேசியது.
கப்பலில் கழிந்த இரவுகள், அம்மாவின் கம்பளிச் சால்வை,
முதல் சம்பளத்தில் வாங்கிய சிவப்பு ரிப்பன்.
பின்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள்.
நானும்தான்; சொல்ல வெட்கம்.

ரமிரோ கையைத் தூக்கினான்.
வருஷத்துக்கு இரண்டு முறை தூக்குகிற கை.
"அந்தச் சால்வை எந்த அட்டையில இருக்கு, டீச்சர்?"

ஒவ்வொரு வரிக்கும் சாட்சி கேட்டோம்.
கூசாமல் ஒப்புக்கொண்டது:
இருபது வரியில் அட்டை சொன்னது நாலு.
மற்றவை அந்தக் காலத்துக்குப் பொருந்தும் கற்பனையாம்.
நரம்பில்லாத நாக்கு எதையும் பேசும் என்பார்கள்.
இதற்கு நாக்குமில்லை.

அழித்தோம்.
சால்வை போனது. கப்பல் போனது. அம்மா போனாள்.
பலகையில் மிஞ்சியது
நாலே வரியில் ஒரு பெண்.
ரிப்பனை விட மட்டும் யமிலாவுக்கு மனசில்லை.
தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்,
பக்கத்தில் "பொய்" என்று குறித்து.

அடுத்த வாரம் வேறு மாதிரிக் கேட்டோம்:
பேசாதே, படி.

பிள்ளைகள் படமெடுத்துக் கொடுக்கக் கொடுக்க
மூன்று நாளில் நாலாயிரமும் படித்தது.
எனக்கு லேசாகப் பொறாமை.
அபராதக் கட்டத்தில் திரும்பத் திரும்ப
ஒரே சுருக்கெழுத்து: கோன்வ்.
உரையாடல் என்று விரித்துச் சொன்னது.
நாக்குப் பிரிவில்
பேசியதற்காகக் கூலி வெட்டப்பட்டவர்கள்
அறுபத்து மூன்று பெண்கள்.
வகுப்பு கொதித்தது.

யமிலா மட்டும் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.
அவள் அம்மா ஆஸ்பத்திரி நர்ஸ்.
"எங்கம்மா எழுதற ஷீட்லயும் கோன்வ்.னு வரும்.
நோய் தேறிட்டு வர்றவங்கன்னு அர்த்தம்."
ஸ்பானிய மொழியில் இரண்டு சொற்களுக்கும்
தலை ஒன்று, உடம்பு வேறு.

கடைசிப் பெட்டியின் அடியில்
ஆலை டாக்டரின் பதிவேடு,
கரையான் தின்றது போக.
தேதிக்குத் தேதி ஒப்பிடச் சொன்னோம்.
அது ஒப்பிட்டதை நாங்கள் ஒப்பிட்டோம்,
இரண்டு இடத்தில் அது பிசகியிருந்தது,
ஓரிடத்தில் நான்.
இருபத்திரண்டு பேர் பேசவே இல்லை,
காய்ச்சலில் கிடந்தவர்கள்.
கிடந்ததற்குக் கூலி வெட்டு.
ஒன்பது பேர் எதுவென்று தெரியாது,
தெரியாது என்றே எழுதினோம்.
மிச்சம் முப்பத்திரண்டு பேர் பேசியிருக்கிறார்கள்.
அதில் பெத்ரோனேலே நாலு தடவை.

பலகையில் அவளுக்கு
ஐந்தாவது வரி எழுதினான் ரமிரோ.
கோணல் எழுத்து. திருத்தவில்லை.

"அப்படி என்னதான் பேசியிருப்பாங்க?"
இயந்திரத்தைக் கேட்டார்கள்.
பதிவில் இல்லை என்றது.
அந்த மட்டுக்குப் பழக்கியிருந்தோம்.
அதன் பிறகு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வாய் திறந்தது:
எந்த மொழியில், பக்கத்தில் நின்றது யார்,
மேஸ்திரி எந்தப் பக்கம் திரும்பினபோது,
முதல் அபராதத்துக்குப் பிறகும் ஏன்,
மூன்றாவதுக்குப் பிறகும் ஏன்.

பக்கத்து அறைக் கணக்கு வாத்தியார்
சுவரைத் தட்டினார்.
நான் தெர்மாஸைத் திறந்து
மாத்தே இலைக்கு இன்னொரு சுற்று
வெந்நீர் ஊற்றிக்கொண்டேன்.
மறுபடி தட்டினார்.